குபாசோவின் நெஞ்சு எக்ஸ்ரே

"மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, ஆடாதீங்க... சரி, விடுங்க." ஏறக்குறைய முப்பது வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவையாவது நான் சொல்வது இதைத்தான். வேலூரில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன் நான். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி காட்பாடியில் இறங்கி, லாட்ஜில் ரூம் போட்டு வாரக்கணக்கில் தங்கி வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு இதையே "சாஸ் லோ, ரோகோ" என்று சொல்லவும் பழகிவிட்டது.

இந்த வேலையில் இருப்பதால்தான் சல்யூட் 1 நிலையத்தின் கதை என்னை இவ்வளவு பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். உலகத்தின் முதல் விண்வெளி நிலையத்தில் யார் போய்க் குடியிருப்பது என்பதைக் கடைசி நேரத்தில் மாற்றியது ஒரு நெஞ்சு எக்ஸ்ரே.

எங்கள் குடியாத்தம் பக்கத்தில் வயதானவர்களிடம் விண்வெளி நிலையம் என்றால் உடனே ஸ்கைலாப் என்பார்கள். 1979 ஜூலையில் அது விழப்போகிறது, எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது என்று ரேடியோவில் சொல்லச் சொல்ல ஊரே பயந்து கிடந்தது. எனக்கு அப்போது ஆறு வயது, அன்றைக்கு அம்மா எங்களைத் திண்ணையில் படுக்க விடவில்லை என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடைசியில் ஜூலை 11 அன்று இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பக்கத்திலும் துண்டு துண்டாக விழுந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்கா அதை மேலே அனுப்பியது 1973இல். அதற்கும் இரண்டு வருஷம் முன்னாலேயே சோவியத் யூனியன் ஒரு வீட்டை மேலே கொண்டுபோய் வைத்து, ஆளையும் குடிவைத்துவிட்டது. அது சத்தமில்லாமல் பசிபிக் கடலில் இறக்கப்பட்டதால் நம் பக்கத்தில் யாருக்கும் அதைத் தெரியவில்லை.

நிலவுக்கு ஆள் அனுப்பும் போட்டியில் 1969இல் அமெரிக்கா ஜெயித்துவிட்டது. இனி நிலவு வேண்டாம், பூமியைச் சுற்றியே ஆட்கள் தங்கி வேலை செய்யும் நிலையம் ஒன்றை முதலில் வைத்துவிடுவோம் என்று சோவியத் எஞ்சினியர்கள் முடிவு செய்தார்கள். செலமேய் என்பவரின் அமைப்பு ராணுவத்துக்காக அல்மாஸ் என்ற நிலையத்தை ஏற்கனவே வடிவமைத்துக்கொண்டிருந்தது, ஆனால் வேலை முடிய இன்னும் நாள் ஆகும் போலிருந்தது. அதன் வெளிக்கூட்டை எடுத்து, அதற்குள் பறந்து பழகிய சோயுஸ் விண்கலத்தின் கருவிகளைப் பொருத்தி, ஒரு வருஷத்துக்குச் சற்று மேலான காலத்தில் நிலையத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள். நீளம் சுமார் 16 மீட்டர், நம் டவுன் பஸ்ஸைவிடப் பெரியது. அகலமான இடத்தில் குறுக்களவு 4 மீட்டருக்குச் சற்று மேல், எடை 18 டன்னுக்கு மேல். 1971 ஏப்ரல் 19 அன்று புரோட்டான் ராக்கெட்டில் மேலே போனது. ககாரின் பறந்து பத்து வருஷம் ஆன சமயம் அது, அவருக்கு மரியாதை செய்யும் விதமாகத்தான் சல்யூட் என்று பெயர்.

முதலில் போனவர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. ஏப்ரல் 24 அன்று சோயுஸ் 10 நிலையத்தைத் தொட்டது, ஆனால் இணைப்பு இறுகவில்லை. அஞ்சு மணி நேரத்துக்கு மேல் முயன்றுவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் வீடு காலியாக இருக்க, மூன்று பேரும் திரும்பி வந்தார்கள்.

அடுத்த முறை போக வேண்டியவர்கள் லியோனவ், குபாசோவ், கொலோடின். லியோனவ் 1965இல் விண்கலத்தை விட்டு வெளியே வந்து மிதந்த முதல் மனிதர், உலகத்துக்கே தெரிந்த முகம். குபாசோவ் ஏற்கனவே ஒரு முறை பறந்தவர். கொலோடின் ராணுவ எஞ்சினியர், அவருக்கு இதுதான் முதல் பயணமாக இருந்திருக்கும். ஏவுவதற்கு மூன்று நாள் இருக்கும்போது பைக்கோனூர் ஏவுதளத்தில் கடைசி மருத்துவப் பரிசோதனை நடந்தது. குபாசோவின் நெஞ்சு எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்தது. டிபி ஆரம்பமாக இருக்கலாம் என்று டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை, படம் எடுப்பவன்தான். ரிப்போர்ட் எழுதும் உரிமை எனக்குக் கிடையாது. ஆனால் இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் நெஞ்சுகளைப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும், நிழல் என்பது நிழல் மட்டும்தான், அது எதனுடைய நிழல் என்று படம் சொல்லாது. நம் பக்கத்தில் ட்ராபிகல் ஈசினோபிலியா என்று ஒன்று உண்டு, யானைக்கால் புழுவுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பால் வருவது. ராத்திரியில் இருமல் இழுத்துக்கொண்டு போகும், ஆள் இளைத்துவிடுவார், படத்தில் இரண்டு பக்கமும் கேழ்வரகு தூவினாற்போலப் பொடிப்பொடியாகத் தெரியும். அனுபவம் இல்லாதவர்கள் டிபி என்றே நினைத்துவிடுவார்கள். சரியான மாத்திரை கொடுத்துச் சில வாரம் கழித்துப் பார்த்தால் படம் சுத்தமாக இருக்கும். குபாசோவுக்கு இருந்தது அது இல்லை, ஆனால் அவருடைய நிழலும் கொஞ்ச நாளில் தானாக மறைந்துவிட்டது. ஏதோ ஒவ்வாமை என்று பின்னால் தெரிந்தது. மூன்று நாளில் அதைக் கண்டுபிடிக்க யாராலும் முடிந்திருக்காது. அந்த டாக்டர்கள் செய்தது சரி என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன்.

லியோனவ் விடவில்லை. குபாசோவை மட்டும் நிறுத்துங்கள், மாற்றுக் குழுவிலிருந்து வோல்கோவை எங்களோடு அனுப்புங்கள் என்று வாதாடிப் பார்த்தார். ஏவுதளத்துக்கு வந்த பிறகு ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் குழுவையே மாற்ற வேண்டும் என்பது விதி, கடைசியில் விதிப்படிதான் நடந்தது. மாற்றுக் குழுவில் இருந்த தோப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பத்சாயேவ் மூவரும் ஜூன் 6 அன்று சோயுஸ் 11இல் ஏறினார்கள்.

இந்த இடத்தில் என் நைனாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நைனா கைலி நெய்தவர். 1981இல் எங்கள் தெருவிலிருந்து மூன்று பேர் சவுதிக்குப் போக ஏற்பாடு ஆனது. அம்மாவின் வளையலும் கம்மலும் அடகுக்குப் போயின. பாஸ்போர்ட் எடுத்து, ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, மெட்ராஸில் மெடிக்கலுக்குப் போனார்கள். நைனா நெஞ்சின் வலது மேல் பக்கத்தில் ஒரு நிழல் இருக்கிறது என்று அன்ஃபிட் போட்டுவிட்டார்கள். மற்ற இரண்டு பேரும் பறந்துவிட்டார்கள், நைனா ஒரு பழுப்புக் கவரோடு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தார். அந்தக் கவருக்குள் இருந்த பெரிய ஃபிலிமை வாசலில் வெயிலுக்கு நேராகப் பிடித்து, எங்கே இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று நானும் அக்காவும் தேடினோம். விலா எலும்புகள் ஏணி மாதிரி தெரிந்தன, வேறு எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. நான் இந்தப் படிப்புக்குப் போனதற்கு அந்த மத்தியானம்தான் காரணம். படித்து முடித்து வந்த பிறகு அதே ஃபிலிமை எடுத்து வியூ பாக்ஸில் மாட்டிப் பார்த்தேன். இருந்தது, சின்னதாக, கெட்டியாக, சுண்ணாம்புப் புள்ளி மாதிரி. எங்கள் டாக்டரிடமும் காட்டினேன், எப்போதோ வந்து தானே ஆறிப்போன பழைய தழும்பு என்றார். நைனாவுக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

எல்லாம் நல்லதுக்குத்தான் என்று அம்மா இன்றும் சொல்வார். அம்மாவோடு நான் சண்டை போடுவதில்லை. ஆனால் சல்யூட் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதையேதான் எழுதுகிறார்கள், எக்ஸ்ரே ஒருவரை நிறுத்தியது, அதனால் மூன்று பேர் பிழைத்தார்கள், என்ன அதிர்ஷ்டம் பாருங்கள் என்று. எனக்கு இதை ஏற்க முடியவில்லை. அப்படிச் சொல்லும்போது மேலே போன மூன்று பேரும் வேறு யாருடைய சாவையோ செத்தவர்கள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். அவர்கள் அந்த வீட்டில் 22 நாளுக்கு மேல் இருந்தார்கள். வேறு யாரும் அதற்கு முன்னும் அதில் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. அதைச் சொல்லாமல் கதையை முடிப்பது நியாயம் இல்லை.

ஜூன் 7 அன்று இணைப்பு நன்றாக இறுகியது. கதவைத் திறந்து உள்ளே போனால் ஒரே கருகல் நாற்றம். காற்றோட்டக் கருவியைச் சரிசெய்து, காற்று சுத்தமாகும்வரை தங்கள் விண்கலத்திலேயே படுத்துக்கொண்டார்கள். புது வீட்டில் பால் காய்ச்சும் முதல் நாளில் புகை மூட்டம். அப்புறம் வேலை ஆரம்பித்தது. நிலையத்தின் பெரிய தொலைநோக்கியின் மூடி கழலாமல் சிக்கிக்கொண்டது, அதனால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. ஆனால் ஓரியன் 1 என்று இன்னொரு சின்னக் கருவி இருந்தது, ஆர்மீனியாவைச் சேர்ந்த குர்சத்யான் என்ற வானியல் அறிஞர் வடிவமைத்தது. புற ஊதாக் கதிர்களை நம் காற்று மண்டலம் வடிகட்டிவிடுவதால் தரையில் இருந்து நட்சத்திரங்களை அந்தக் கதிர்களில் பார்க்க முடியாது. பத்சாயேவ் அந்தக் கருவியைக் கொண்டு வேகா நட்சத்திரத்தின் நிறமாலையைப் படம் எடுத்தார். காற்று மண்டலத்துக்கு வெளியே தொலைநோக்கியை இயக்கிய முதல் மனிதர் அவர்தான். நம் ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வுக்கூடம் அப்போது ஆரம்ப நிலையில் இருந்தது, அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்ததே அதற்கு அடுத்த வருஷம்தான். ஆலங்காயம் தாண்டி மேலே ஏறிப் போகும்போதெல்லாம், மேகம் இல்லாத ராத்திரிக்காக அங்கே காத்திருப்பவர்களை நினைக்கும்போதெல்லாம், மேகமே இல்லாத இடத்தில் உட்கார்ந்து படம் எடுத்த பத்சாயேவும் எனக்கு ஞாபகத்துக்கு வருவார். படம் எடுப்பவன் என்ற சொந்தம் எனக்கும் அவருக்கும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 19 அன்று அவருக்கு 38 வயது முடிந்தது. விண்வெளியில் பிறந்தநாள் கொண்டாடிய முதல் ஆள்.

ஒயாசிஸ் என்று ஒரு சின்னப் பெட்டியில் விதை போட்டுச் செடி முளைக்கிறதா என்று பார்த்தார்கள். தங்களுடைய ரத்தத்தையும் நாடித்துடிப்பையும் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். அதற்கு முந்தின வருஷம் சோயுஸ் 9இல் 18 நாள் சுற்றிவிட்டு வந்த இரண்டு பேர் சரியாக நடக்கவே முடியாத நிலையில் இறங்கினார்கள், நெருக்கடியான சின்னக் கலம் அது. அதனால் சல்யூட்டில் உடற்பயிற்சிக்கு ஓடும் பட்டை ஒன்றை வைத்திருந்தார்கள். அதில் ஒருவர் ஓட ஆரம்பித்தால் நிலையமே அதிரும், வெளியே சூரியத் தகடுகள் ஆடும். ஜூன் நடுவில் மின்கம்பி கருகிப் புகை வந்தது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு இறங்கிவிடலாமா என்ற அளவுக்குப் பேச்சு போனது, பிறகு சமாளித்து அங்கேயே இருந்தார்கள். இதற்கு நடுவே டிவியிலும் வந்துகொண்டிருந்தார்கள். சோவியத் வீடுகளில் சாயங்காலம் டிவியைப் போட்டால் மிதந்துகொண்டே சிரித்துப் பேசும் இந்த மூன்று பேர். ஜனங்களுக்கு இவர்கள் பக்கத்து வீட்டு ஆட்கள் மாதிரி ஆகிவிட்டார்கள், அதிலும் வோல்கோவுக்கு ரசிகர்கள் அதிகம்.

ஜூன் 29 ராத்திரி கிளம்பினார்கள். கதவு சரியாக மூடவில்லை என்று ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, பலமுறை திறந்து மூடி, சென்சாரைச் சரிப்படுத்தி, அது அணைந்த பிறகுதான் நிலையத்தை விட்டுப் பிரிந்தார்கள். உண்மையில் கதவில் கோளாறு இல்லை. கோளாறு வேறு இடத்தில் காத்திருந்தது. பூமியை நோக்கி இறங்கும்போது விண்கலத்தின் மூன்று பகுதிகளும் தனித்தனியாகப் பிரியும், சிறு வெடிகள் வெடித்துத்தான் பிரியும். அவை ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்காமல் ஒரே நேரத்தில் வெடித்ததில் ஏற்பட்ட அதிர்ச்சியில், தரைக்குச் சில கிலோமீட்டர் உயரத்துக்கு வந்த பிறகு வெளிக்காற்றை உள்ளே விடுவதற்காக இருந்த ஒரு வால்வு 168 கிலோமீட்டர் உயரத்திலேயே திறந்துகொண்டது. உள்ளே இருந்த காற்று வெளியேற ஆரம்பித்தது. கையால் அந்த வால்வை மூட ஏறக்குறைய ஒரு நிமிஷம் வேண்டும், அவர்களுக்குச் சுயநினைவு இருந்ததோ அதைவிடக் குறைவான நேரம். மூடுவதற்கு அவர்கள் முயன்றார்கள் என்பதைப் பின்னால் வால்வைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். மூன்று பேரும் அழுத்த உடை போட்டிருக்கவில்லை, மூன்று பேரை அந்த உடையோடு உட்கார வைக்க அந்தக் கலத்தில் இடம் கிடையாது.

விண்கலம் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. பாராசூட் விரிந்தது, கஜகஸ்தான் புல்வெளியில் மெதுவாக இறங்கியது. மீட்கப் போனவர்கள் வெளியே தட்டிப் பார்த்தார்கள், பதில் இல்லை. திறந்தால் மூவரும் இருக்கையில் இருந்தார்கள், உடம்பில் சூடு இருந்தது. வெளியே எடுத்துப் படுக்கவைத்து, நெஞ்சை அழுத்தி, மூச்சு கொடுத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

இதைப் படித்த மறுநாள் வேலைக்குப் போய் "மூச்சைப் பிடிங்க" என்று சொல்ல வாய் வரவில்லை, பக்கத்தில் இருந்த பையனைச் சொல்லச் சொன்னேன்.

சல்யூட் 1 அதன் பிறகு ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. விண்கலத்தைத் திருத்தாமல் யாரையும் அனுப்ப முடியாது, திருத்துவதற்குள் நிலையத்தில் எரிபொருள் தீர்ந்துவிடும். 175 நாளில், அக்டோபர் 11 அன்று, பசிபிக் கடலுக்கு மேல் இறக்கி எரியவிட்டார்கள். சோயுஸில் அடுத்து ஆள் பறந்தது 1973 செப்டம்பரில்தான், அதுவும் இரண்டு பேர் மட்டும். மூன்றாவது இருக்கையின் இடத்தைச் சொகோல் என்ற அழுத்த உடைக்கான கருவிகள் எடுத்துக்கொண்டன. மறுபடி மூன்று பேர் ஏற 1980 வரை ஆனது. 1984இல் நம் ராகேஷ் சர்மா சல்யூட் 7 நிலையத்துக்குப் போனாரே, ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் போட்டிருந்தது அந்த உடையைத்தான். அந்த மூன்று பேருக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது, நம் ஆளையும் பத்திரமாக இறக்கியது. இன்றைக்குச் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ரஷ்யர்கள் படுத்துத் தூங்கும் ஸ்வெஸ்தா பகுதி இருக்கிறதே, அதுவும் சல்யூட் 1 வம்சத்தில் வந்ததுதான், அதே வரிசை, அதே அடிப்படைக் கூடு. சுபான்ஷு சுக்லா 2025இல் போய்த் தங்கியது அந்த நிலையத்தில்தான்.

லியோனவும் குபாசோவும் 1975இல் ஒன்றாகவே பறந்தார்கள், அமெரிக்கர்களோடு விண்வெளியில் கைகுலுக்கிய அப்பல்லோ சோயுஸ் பயணத்தில். கொலோடினுக்கு மட்டும் வாய்ப்பு வரவே இல்லை.

போன மாசம் ஒரு சாயங்காலம் குடியாத்தம் வீட்டு மொட்டை மாடியில் நைனாவுக்கு விண்வெளி நிலையத்தைக் காட்டினேன். சல்யூட் 1 எந்தச் சாய்வில் பூமியைச் சுற்றியதோ ஏறக்குறைய அதே சாய்வில்தான் இதுவும் சுற்றுகிறது, நம் ஊர் வானத்துக்கு மேலாகவும் போகும். மேற்கில் கிளம்பிச் சத்தமே இல்லாமல், விளக்கு அணைந்து அணைந்து எரியாமல், ஒரே சீராக வந்தது. நைனா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உச்சிக்கு வந்து கொஞ்சம் தாண்டியதும் பூமியின் நிழலுக்குள் போய் மங்கி மறைந்துவிட்டது. அப்போதுதான் அவரிடம் இந்தக் கதையை முழுசாகச் சொன்னேன், எக்ஸ்ரேயில் ஆரம்பித்துக் கடைசிவரைக்கும். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த மூணாவது ஆளுக்குப் படத்துல இன்னா இருந்துது?"

"கொலோடினா? அவருக்கு ஒண்ணும் இல்ல நைனா. நல்லாத்தான் இருந்தாரு."

"ஒண்ணும் இல்லாமயே நிறுத்திட்டாங்களா?"

"ஆமா. அதான் விதி."

"அப்புறமாச்சும் கூப்ட்டாங்களா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையைப் பிடித்து மெதுவாகப் படி இறக்கிக் கூட்டிவரும்போது, பாதிப் படியில் நின்று, "பேரு இன்னா சொன்ன?" என்று மறுபடி கேட்டார்.

கொலோடின் என்றேன்.